தொட்டில் கட்டையில் நீலம்

ஆவுடையம்மாளின் கடைசல் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்தக் கட்டை வந்தாலும் சரி, அதிலிருந்து கடைந்தெடுக்கும் முதல் சாமானைப் பிள்ளைகள் கைக்குக் கொடுக்கிறவர் தன் வாயில் வைத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். கடித்த பிறகுதான் அந்த மரத்தின் பெயரைப் பட்டறைக்குள் சொல்லலாம். அதுவரைக்கும் அதற்குப் பெயர் 'வந்த கட்டை'. அவ்வளவுதான்.

அங்கே செய்வது சொப்புச் சாமான். குட்டி உரல், குட்டி அம்மி, கிலுகிலுப்பை, நடைவண்டி. பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவதெல்லாம் அப்புறம். முதலில் வாய்க்குள்தான் போகும். பிள்ளை வளர்த்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பொதிகை மலையடிவாரத்தில், வாய்க்காலை ஒட்டி அந்தப் பட்டறை இருந்தது. ஆவுடையம்மாள்தான் அங்கே குரு. அவளுடைய சீடருக்கு அவளைவிட இருபது வயது கூட.

சீடரின் பெயர் தளவாய். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'நம்ம வீடு நம்ம கையில்' என்று ஒரு நிகழ்ச்சி வரும். பழைய கதவைப் புதுசாக்குவது, அலமாரி அடிப்பது, கட்டில் செய்வது என்று வாரம் ஒன்று காட்டுவார்கள். அதை நடத்துகிறவர் இவர்தான். வெண்கல மணி மாதிரி குரல். அந்தக் குரலில் "இது பர்மா தேக்கு" என்று அவர் சொன்னால் சாய்த்து வைத்த பலகைகூடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படிப்பார். ரப்பர் மரத்தை வெள்ளைத் தேக்கு என்றிருக்கிறார். தூங்குமூஞ்சி மரத்தில் செய்த மேசையைத் தட்டிக்காட்டி வால்நட் என்றிருக்கிறார். ஒரு தடவை இழைப்புளியைப் பின்முன்னாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டே, "பாருங்க, எவ்வளவு வழவழன்னு வருது" என்றார். பலகையிலிருந்து ஒரு சுருள்கூட எழும்பவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கடைத்தெருவில் யாரோ ஒருவர் அவரைக் கும்பிட்டு நிறுத்தினார்.

"சார், நீங்க சொல்லுத மரமெல்லாம் எந்த ஊர்ல முளைக்குது? ஒரு கன்னு கிடைச்சா நானும் நட்டு வைப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தளவாயும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் அவர் இந்தப் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஆவுடையம்மா, ஒரு மரத்தைப் பார்த்த உடனே பேரைச் சொல்றதுக்கு என்ன வழி?"

அவள் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. உளி பட்ட இடத்தில் மரம் நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தது.

"பார்த்த உடனே எதுக்கு அண்ணாச்சி சொல்லணும்?"

"கேமரா ஓடிக்கிட்டு இருக்குமே."

"ஓடுதது கேமராதானே. மரம் அங்கனயேதான கிடக்கு."

அது பதிலா கேலியா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஷூட்டிங் இல்லாத நாளெல்லாம் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். சுருளைக் கையில் எடுத்து மோந்து பார்ப்பார். கடிப்பது மட்டும் கிடையாது.

"நான் கடையலையே, நான் எதுக்குக் கடிக்கணும்? பல்லு வேற கட்டுன பல்லு" என்று நழுவிவிடுவார்.

ஆவுடையம்மாளும் வற்புறுத்தியதில்லை.

ஒரு நாள் காலை, வெயில் ஏறுகிற நேரத்தில், பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இடுப்பில் ஒரு பெண் குழந்தையும் கையில் துணி சுற்றிய நீளமான கட்டையுமாக ஒரு பெண் இறங்கினாள். உள்ளே வந்து தளவாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தளவாய் சார்தானே? டி.வி.யில பார்க்கும்போது உசரமாத் தெரிவீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. நீங்க யாரு தாயி?"

"செல்லக்கனி. கடையத்துல இருந்து வாரேன். உங்க வீட்டுக்குப் போனேன், இங்க இருப்பீங்கன்னு உங்க வீட்டு அம்மா சொன்னாங்க."

அவள் துணியைப் பிரித்தாள். தொட்டிலின் மேல்கட்டை. பிள்ளை எழுந்து நின்றால் பிடித்துக்கொள்ளுமே, அந்தக் கட்டை.

"தொட்டில் செஞ்சு காட்டுனீங்கள்ள சார். செவசெவன்னு ஒரு பலகையை வச்சுக்கிட்டு, இது பர்மா தேக்கு, பிள்ளைக்கு இதைவிட நல்ல மரம் உலகத்துலயே கிடையாதுன்னு சொன்னீங்க. பிள்ளை வாய் வைக்கிற இடத்துல பாலிஷ் போடாதீங்கன்னும் சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர் நீங்க மரம் எடுத்த அதே டிப்போவுக்குப் போய், நீங்க எடுத்த அதே அட்டியில இருந்து பலகை வாங்கிட்டு வந்து, அவர் கையாலயே செஞ்சார்."

"ரொம்பச் சந்தோஷம்."

"இருங்க, சந்தோஷத்துக்கு இன்னும் வரலை." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இவளுக்குப் பல் முளைக்குது. நாள் பூரா எந்திரிச்சு நின்னு இந்தக் கட்டையத்தான் கடிக்கா. எச்சி பட்ட இடமெல்லாம் மஞ்சக் கறை. சட்டையில கறை, விரிப்புல கறை. சரி, மரக்கறைதானேன்னு விட்டுட்டேன். நேத்து இதைத் துடைச்ச துணியை வாளித் தண்ணியில முக்கி முற்றத்துல வச்சேன். வெயில் பட்டதும் தண்ணி நீலமாத் தெரியுது சார். நான் சொட்டு நீலம் போடவே இல்லை."

தளவாய் குனிந்து கட்டையைப் பார்த்தார்.

"பிள்ளையத் தூக்கிட்டு டாக்டரம்மாகிட்ட ஓடுனேன். இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கா, ஆனா என்ன மரம்னு தெரிஞ்சாத்தான் மேல எதுவும் சொல்ல முடியும்னாங்க. பர்மா தேக்குன்னேன். தேக்கு எப்படித் தண்ணியை நீலமாக்கும்னு அவங்களே யோசிக்காங்க. டிப்போவுல போய்க் கேட்டேன். 'டி.வி.யில சொன்ன மரந்தாம்மா'ன்னு சொல்லிட்டாங்க. டி.வி.யில சொன்னது நீங்க. அதான் உங்ககிட்ட வந்துட்டேன். இது என்ன மரம் சார்? என் பிள்ளை எதைத் தின்னுக்கிட்டு இருக்கா?"

தளவாய்க்கு அந்த ஷூட்டிங் நினைவு வந்தது. டிப்போவில் அடுக்கிக் கிடந்த பலகை அட்டி. "செவப்பா இருக்கு, பர்மா தேக்குன்னு போட்டுக்குவோம்" என்று யாரோ சொன்னது. மற்றதையெல்லாம் அவருடைய குரல் பார்த்துக்கொண்டது. மரத்தை அவர் ஒரு தட்டுத் தட்டினார். கேமரா அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

அவர் ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீங்க பார்த்துச் சொல்லுங்களேன்."

ஆவுடையம்மாள் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கட்டையை வாங்கினாள். மேல்விளிம்பில் குட்டிக் குட்டியாகப் பல் பதிந்த தடம். அரிசி மணியை அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எனக்குத் தெரியலை" என்றாள்.

"உங்களுக்கேவா?"

"வந்த கட்டை. செவப்பா இருக்கு. மலையில செவப்பா எத்தனையோ மரம் நிக்கு."

சொல்லிக்கொண்டே கட்டையின் அடிப்பக்கத்தில் உளியை வைத்து நாலைந்து சில்லு பெயர்த்தாள். ஒரு சில்லைத் தளவாயிடம் நீட்டினாள்.

"இந்தத் தொட்டிலைக் குடுத்தது யாரு அண்ணாச்சி?"

"இவங்க வீட்டுக்காரர் செஞ்சது."

"செஞ்சது அவர். குடுத்தது யாரு?"

தளவாய் சில்லைப் பார்த்தார். செல்லக்கனியைப் பார்த்தார். குழந்தை தன் அம்மாவின் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நான்தான்."

"அப்போ நீங்கதான் கடிக்கணும்."

அவர் கை மேலே போனது. வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. எட்டி மரமாக இருந்தால்? மருந்து அடித்த பலகையாக இருந்தால்? எத்தனையோ ஆயிரம் வீட்டுக்குக் கணீரென்று சொன்ன பெயர்தான். அதை நம்பி ஒரு சில்லை வாயில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

செல்லக்கனி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ பல் முளைச்சதுல இருந்து கடிக்கா சார்" என்றாள். அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

தளவாய் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

"மெல்லுங்க. ருசி எப்படி இருக்கு?" என்றாள் ஆவுடையம்மாள்.

"துவர்க்குது." அவர் முகம் சுருங்கியது. "பச்சைப் பாக்கை மென்ன மாதிரி. நாக்கை இழுக்குது."

ஆவுடையம்மாள் மூலையிலிருந்து வேறொரு துண்டை எடுத்து வந்தாள்.

"இது எங்க வீட்டு வாசல் நிலைக்கு அறுத்த மிச்சம். தேக்கு. நானே பலதடவை கடிச்சிருக்கேன். இதைக் கடிங்க."

தளவாய் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கடித்தார். மென்றார். யோசித்தார்.

"இது துவர்க்கலை. எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு. பழைய செருப்பைக் கடிச்ச மாதிரி ஒரு வாடை."

அந்தக் கவலையிலும் செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழக்கம் உண்டா சார்?"

அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கையிலிருந்த இரண்டு சில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்போ அது தேக்கு இல்லை" என்றார்.

டி.வி.யில் வருகிற குரல் இல்லை அது. அவருக்கே அது யாருடைய குரல் என்று சந்தேகமாக இருந்தது.

ஆவுடையம்மாளும் ஒரு சில்லை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள். அவள் புருவம் லேசாக உயர்ந்தது.

"தங்கச்சி, பயப்பட வேண்டாம்னுதான் என் நாக்கு சொல்லுது. ஆனா நாக்கை மட்டும் நம்பி உன் பிள்ளை விஷயத்துல பேர் சொல்ல மாட்டேன். தண்ணியையும் கேட்டுருவோம். அந்த நிழல்ல உக்காந்து பிள்ளைக்குப் பால் குடு."

அவள் ஒரு கண்ணாடி டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கிணற்றுத் தண்ணீரை நிரப்பினாள். மிச்சச் சில்லுகளை அதில் போட்டாள். கிணற்றடியில் துணி துவைக்கிற கருங்கல் ஒன்று செங்குத்தாக நிறுத்தியிருந்தது. அதன் முன்னால், வெயில் விழுகிற இடத்தில், டம்ளரை வைத்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. இதைப் பாருங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது அதோட நேரம்."

தளவாய் கல்லின் ஓரமாகப் போய், சூரியனைப் பார்த்தபடி குத்தவைத்து உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் சில்லு கிடந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு சில்லின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஏதோ இறங்கியது. ஊதுபத்திப் புகை தலைகீழாகப் போவதுபோல மெல்லச் சுழன்று சுழன்று இறங்கியது. இன்னொரு சில்லிலிருந்தும் ஒரு நூல். இரண்டும் அடியில் போய்க் கலந்தன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மரத்துக்கு அவர் கொடுத்த நேரம் ஒரு வாக்கியம் சொல்லுகிற நேரம்தான். இப்போது முழங்கால் வலிப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்கத் தேன் நிறமாகிவிட்டது. வெயில் அதன் வழியாக வந்து மின்னியது.

"தேன் நிறமாத்தானே இருக்கு. நீலத்தைக் காணோமே" என்றார்.

"நீங்க வெயிலைப் பார்த்து உக்காந்திருக்கீங்க. எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க. வெயில் உங்க முதுகுல விழட்டும்."

தளவாய் எழுந்து இந்தப் பக்கம் வந்தார். குனிந்து பார்த்தார்.

டம்ளரில் தேன் இல்லை. கருங்கல்லுக்கு முன்னால் அந்தத் தண்ணீர் நீலமாக நின்றது. சாயம் கரைத்த நீலம் இல்லை அது. மயில் திரும்பும்போது கழுத்தில் ஓடுமே, அந்த மாதிரி ஒரு நீலம். தண்ணீரின் ஓரமெல்லாம் உள்ளேயிருந்து யாரோ விளக்கேற்றின மாதிரி ஒளிர்ந்தது.

அவர் மறுபடியும் அந்தப் பக்கம் போனார். தேன். இந்தப் பக்கம் வந்தார். நீலம். அந்தப் பக்கம். இந்தப் பக்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

செல்லக்கனி பிள்ளையோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வாளியில் பார்த்துப் பயந்த அதே நிறம். இப்போது அவள் குனிந்து அதை உற்றுப் பார்த்தாள். குழந்தை "ங்கா" என்று டம்ளரை நோக்கிக் கையை நீட்டியது.

"இந்த நீலம் கட்டைக்குள்ள எங்க இருந்துச்சு?" தளவாயின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"கட்டையை எத்தனை துண்டா அறுத்தாலும் கண்ணுல படாது அண்ணாச்சி. தண்ணியும் வெயிலும் சேர்ந்து கேட்டாத்தான் காட்டும்."

"இந்தப் பலகையை நான் கையால தட்டிக் காட்டுனேனே."

"தட்டுனா சத்தம்தான் வரும்."

ஆவுடையம்மாளும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ முறை பார்த்தவள்தான். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"வேங்கை" என்றாள்.

அந்தக் கட்டைக்கு அப்போதுதான் அங்கே பெயர் வந்தது.

"வேங்கை தங்கச்சி. இதுல குவளை கடைஞ்சு, ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு, காலையில குடிக்கிறவங்க இந்தப் பக்கத்துல எத்தனையோ பேர். நானே கடைஞ்சு குடுத்திருக்கேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு இந்தப் பேரைச் சொல்லு. அவங்க சொல்றதுதான் முடிவு."

செல்லக்கனி போனை எடுத்தாள். பெயரைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றாள். போனை வைத்ததும் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேங்கைன்னா பயப்பட ஒண்ணும் இல்லையாம். சிராய் குத்திராம மேல துணியச் சுத்தி வைக்கச் சொன்னாங்க."

அதுவரைக்கும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. பிள்ளையின் சட்டையிலேயே கண்ணைத் துடைத்து, மூக்கையும் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்காரிக்கு அந்த நேரத்தில் எது கைக்கு எட்டுகிறதோ அதுதானே துணி.

ஆவுடையம்மாள் ஒரு கிலுகிலுப்பையை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினாள். "இது நான் கடிச்சது. தைரியமாக் கடி" என்றாள். குழந்தை வாங்கின வேகத்தில் வாயில் வைத்தது.

கிளம்பும்போது செல்லக்கனியின் முகம் தெளிந்திருந்தது. கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இந்த வாரம் என்ன சார் செஞ்சு காட்டப் போறீங்க?"

"சமையக்கட்டு அலமாரி."

"நல்லதாப் போச்சு. எங்களுக்கும் அது வேணும். எங்க வீட்டுக்காரர் நீங்க சொன்னா அப்படியே செய்வார் சார். பேனா எடுத்துட்டு உக்காந்துருவார்."

ஆட்டோ வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனது. குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுகிற சத்தம் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது.

தளவாய் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. வெளியே கிணற்றடியில் டம்ளர் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆவுடையம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நான் தேக்குன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு கெடுதலும் நடக்கலை. தேக்கைவிட அதிசயமான மரமா வந்து நின்னுச்சு. தப்பான பேரைச் சொல்லியும் இந்த மரம் நல்லதாவே இருந்துச்சே, அது எப்படி?"

ஆவுடையம்மாள் இயந்திரத்தில் புதுக்கட்டை ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மரம் உங்க நிகழ்ச்சியைப் பார்க்கலை அண்ணாச்சி."

தளவாய் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தப் பட்டறைக்கு வந்ததிலிருந்து அப்படி அவர் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"செல்லக்கனி பார்த்தாளே" என்றாள்.

இயந்திரம் சுழல ஆரம்பித்தது. தளவாயின் சிரிப்பு நின்றது. அவர் நாக்கில் அந்தத் துவர்ப்பு இன்னும் போகாமல் இருந்தது.